ஐஸுக்கு ஒரு போர்வை

ஜூஸ் கடை வாசலில் ஐஸ் பார் இறங்கும்போது கவனித்திருப்பீர்கள். மரத்தூளைத் தூவி, மேலே சாக்கைப் போட்டு இறுக்கி மூடுவார்கள். 'போர்த்தினால் சூடாகி உருகிவிடாதா?' என்று சின்ன வயதில் கேட்டு, கடைக்காரரைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

கேள்வியில் தப்பில்லை. கம்பளி சூடு கொடுக்கும் என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்! உண்மையில் அந்தச் சூடு நம் உடம்பினுடையது. அது வெளியே ஓடாமல் கம்பளி மறிக்கிறது, அவ்வளவுதான். அதையே ஐஸ் மேல் போட்டால், வெளிச்சூடு உள்ளே நுழையாமல் மறிக்கும்.

மறிப்பது எது? பெரும்பாலும் காற்று. காற்றின் வழியே வெப்பம் மிக மெதுவாகத்தான் கடக்கும். தண்ணீர் அதைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாகக் கடத்திவிடும். ஆனால் காற்று சும்மா இருக்காது. சூடானது மேலே போகும், குளிர்ந்தது அந்த இடத்துக்கு வரும், கூடவே வெப்பமும் பயணம் போகும். ஆகவே அதைச் சின்னச் சின்ன அறைகளில் அடைத்துப்போட வேண்டும். கம்பளி இழைகளும் மரத்தூளும் செய்வது அதைத்தான். மீன் பெட்டி தெர்மாக்கோலில் ஏறத்தாழ 98 சதவீதம் காற்றுதான்; நாம் காசு கொடுப்பது அந்த அறைகளின் சுவருக்கு. கம்பளி நனைந்தால் குளிர்வதும் இதனால்தான்: காற்று இருந்த இடத்தில் தண்ணீர் குடியேறிவிட்டது. (மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பது வேறு கதை. அது கசிந்த நீர் ஆவியாவதால் வரும் குளிர்ச்சி.)

இப்படிப் போர்த்தி வைப்பதை நம்பித்தான் பாஸ்டன் வியாபாரி ஃபிரடெரிக் டியூடர் 1833-இல் கல்கத்தாவுக்கு ஐஸ் அனுப்பினார். நான்கு மாதக் கடல் பயணம், இரண்டு முறை பூமத்திய ரேகையைத் தாண்டி. ஏற்றியது சுமார் 180 டன். 100 டன் அளவுக்கு உருகாமல் வந்து சேர்ந்தது. சென்னைக்கு வந்த அவருடைய ஐஸைச் சேமிக்க மெரினா எதிரே எழுந்த கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம்.

காற்றும் வேண்டாம் என்றால்? 1892-இல் ஜேம்ஸ் டியூவர் இரட்டைச் சுவர்க் குடுவை செய்து, இடையில் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டார். வெப்பத்தைக் கடத்த அங்கே ஆளே இல்லை. கதிராகப் பாய்வதைத் திருப்பியடிக்க உள்ளே வெள்ளிப் பூச்சு. நம் வீட்டு ஃப்ளாஸ்க் அதுதான். உள்ளே இருக்கும் கண்ணாடிக் குப்பியைக் கழற்றினால் அடியில் சின்னதாக ஒரு முனை தெரியும். காற்றை உறிஞ்சிய பிறகு உருக்கி அடைத்த இடம். அது லேசாக உடைந்தாலே காற்று புகுந்துவிடும். பார்வைக்குக் குப்பி முழுசாக இருக்கும். காலையில் ஊற்றிய காபி மட்டும் பத்து மணிக்குள் ஆறிப்போயிருக்கும்.