பொன்னுருவியின் வாய்

1714-ல் செஞ்சி மன்னன் தேசிங்குராஜன் போரில் மாண்டதும் அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக எழுந்த ஊர்தான் ராணிப்பேட்டை என்பார்கள். பெயரில் ஊர் வைத்தார்களே தவிர, சிதையேறுமுன் அவள் மனதில் என்ன இருந்தது என்று யாரும் கேட்டுவைக்கவில்லை. செஞ்சிச் சீமையில் ஒரு பெண் வாய்விட்டுப் பேசுவதைக் கேட்க வேண்டுமானால் கோட்டையை விட்டிறங்கி, திரௌபதி அம்மன் கோயில் திடலுக்குப் போகவேண்டும்.

பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியின் கோயிலைத்தான் திரௌபதி வழிபாட்டின் மூலக்கோயிலாகச் சொல்கிறார்கள். ஆல்ஃப் ஹில்ட்பைட்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த வழிபாட்டை வைத்தே 1988-ல் பெரிய நூல் எழுதினார். திருவிழா நாட்களில் பகலில் பாரதப் பிரசங்கம். இரவில் விடிய விடியக் கூத்து.

துகிலுரிதல் அன்று கற்பூரம் ஏற்றிக் கும்பிடுகிற கூட்டம், கர்ண மோட்சத்தன்று வேறு மாதிரி உட்கார்ந்திருக்கும். பாஞ்சாலி தெய்வம், கர்ணன் மனைவி பொன்னுருவி நம் தெருக்காரி. தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று புருஷனை இளக்காரமாகப் பேசுகிறவள். போருக்குப் போகுமுன் விடைபெற வந்து நிற்கிறான் கர்ணன். அவன் பிறப்பின் உண்மை தெரிந்து அவள் மனம் இளகும்போது அவனுக்கு நேரம் முடிந்துவிட்டது. சாதி படுக்கையறைவரை வருவதை இத்தனை கூர்மையாகச் சொன்ன நவீன நாடகங்கள் குறைவு என்பேன்.

படுகளத்தன்று இன்னொருத்தி. மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்க, அவன் மனைவி பெருந்திருவாள் ஒப்பாரி வைக்கிறாள். வென்றவளுக்குக் கூந்தல் முடிப்பு, தோற்றவன் பெண்டாட்டிக்கு அழுகை. இரண்டுக்கும் ஒரே திடல்.

இந்த மூவருக்கும் வழிவழியாக வேஷம் கட்டியவர்கள் ஆண்கள். அருமையாகவே கட்டினார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புரூயினும் 2002-ல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம் சிறுமிகளையும் சேர்த்துக்கொண்டு பாட்டு, அடவு, முகவீணை எல்லாம் பழக்கியது. 2020-ல் அது மூடப்பட்டது. ராத்திரி முழுக்க ஆடி, கூத்து ஜமாவோடு ஊர் ஊராய் அலைகிற பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது இன்றும் லேசில்லை. அவளுடைய அந்தப் போராட்டத்துக்கு இன்னும் யாரும் கூத்து எழுதவில்லையென்றால், எழுத வேண்டியவர்கள் அந்தக் குருகுலத்தில் அடவு பழகியவர்கள்தான்.