சம்பளம் இல்லாத லீவும் நம் இரத்தக் கொதிப்பும்



இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, முதுகு வலி என்று உடம்பில் தெரியும் நோய்களைப் பற்றியே இப்பகுதியில் எழுதி வருகிறோம். இம்மாதம், எந்த டாக்டரும் சீட்டில் எழுதாத ஒரு காரணத்தைப் பற்றிச் சொல்லப் போகிறோம். அதன் பெயர் சம்பளமில்லா விடுப்பு. "இது சங்கத்துக் காரியமாச்சே, உடல்நலப் பகுதியில் இதுக்கென்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். கடைசி வரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. தோட்டங்கள் பலவற்றில் எப்படியோ வேலை நடந்தது. ஆனால் டவுனுக்கு வேலைக்குப் போன நம் பிள்ளைகளின் கதை வேறு. ஹோட்டல், விமானம், சுற்றுலா என்று பல இடங்களில் ஆட்களைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மகன் போனில் சொல்கிறான்: "வேலை போகலம்மா. லீவுதான் குடுத்திருக்காங்க. சம்பளம் மட்டும் இல்ல." அம்மா சொல்கிறார்: "சரிப்பா, நீ கவலைப்படாத. எங்களுக்கென்ன, ரெண்டு பேருதானே."

மறுநாள் காலை அந்த அம்மா இரத்தக் கொதிப்பு மாத்திரையைக் கத்தியால் இரண்டாக வெட்டுகிறார். கிளினிக்கில் மருந்துக்குக் காசு பெரிதில்லை; போய் வர வண்டிக் கூலிதான் பெரிது. ஒரு மாத மாத்திரையை இரண்டு மாதத்துக்கு இழுத்தால் ஒரு நடை மிச்சம் என்று கணக்குப் போடுகிறார். மகனிடம் சொல்லவில்லை. அப்பா இரவில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவரும் யாரிடமும் சொல்லவில்லை. கோலாலம்பூரில் எழுதிய ஒரு கடிதம் லயத்து வீட்டு மாத்திரையைப் பாதியாக்கிவிட்டது. இப்போது சொல்லுங்கள், இது உடல்நலக் காரியமா, இல்லையா?

கீழே விடுப்பு, மேலே கோடி

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் இதை 'ஃபர்லோ' என்பார்கள். ஆளை வேலையை விட்டு நிறுத்துவதில்லை. சம்பளத்தை மட்டும் நிறுத்துவார்கள். பிள்ளைகள் பார்க்கும் மிக்கி மவுஸ் படங்களுக்குப் பேர்போன டிஸ்னி கம்பெனி, 2020 ஏப்ரலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை இப்படி வீட்டில் உட்கார வைத்தது. நியாயமாகச் சொன்னால், மருத்துவக் காப்புறுதியை அந்தக் கம்பெனி நிறுத்தவில்லை. அதன் பெரிய தலைவர் பாப் ஐகரும் தன் மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்தார்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் பெரிய கம்பெனித் தலைவர்களுக்கு மாதச் சம்பளம் ஊறுகாய் மாதிரி. சாப்பாடு வேறு இலையில் இருக்கும். போனஸ், பங்கு என்று வருவதுதான் பெருந்தொகை. அந்தக் கணக்காண்டில், சம்பளத்தை விட்டுக்கொடுத்த பிறகும், அவருக்குச் சேர்ந்தது ஏறத்தாழ 2 கோடியே 10 லட்சம் அமெரிக்க டாலர். அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் 28,000 பேரை வேலையை விட்டே நிறுத்தப் போவதாகக் கம்பெனி அறிவித்தது.

அதற்கு முன், 2018இல், அவருடைய வருமானம் அக்கம்பெனியின் நடுத்தரத் தொழிலாளி ஒருவரின் வருமானத்தைப் போல் 1,424 மடங்கு. அமெரிக்கச் சட்டப்படி கம்பெனியே வெளியிட வேண்டிய கணக்கு இது. அந்த ஓராண்டுப் பணத்தைச் சம்பாதிக்க, அத்தொழிலாளி ராஜராஜ சோழன் பட்டத்துக்கு வருவதற்கு ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன்பே பெரட்டில் நின்று பேர் கொடுத்திருக்க வேண்டும்!

உடம்புக்குள் நடப்பது என்ன?

விடியற்காலையில் பால் வெட்டப் போகிறீர்கள். மரத்தடியில் நாகப்பாம்பு படமெடுத்து நிற்கிறது. நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. அட்ரினலின் என்னும் சுரப்பு நீர் இரத்தத்தில் பாய்கிறது. இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. ஓடுவதற்குப் பலம் வேண்டுமென்று ஈரல், சேர்த்து வைத்த சர்க்கரையை இரத்தத்தில் கொட்டுகிறது. பாம்பு போனதும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். உடம்பு இதைத் தாங்கும். இதற்காகவே அமைந்ததுதான் உடம்பு.

ஆனால் சம்பளம் வராத கவலை, போகாத பாம்பு. காலையிலும் நிற்கிறது, இரவு பாயைச் சுற்றியும் நிற்கிறது. கார்ட்டிசால் என்னும் இன்னொரு சுரப்பு நீரும் அடங்காமல் சுரந்துகொண்டே இருக்கிறது. வாரக்கணக்கில் இப்படிப் போனால் தூக்கம் கெடும், கொதிப்பு ஏறும், இனிப்பு நீர்க்காரருக்கு மாத்திரை போட்டும் சர்க்கரை இறங்காது. 'மனக்கவலை பலக்குறைவு' என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

இங்கிலாந்தில் 1967இல் தொடங்கி அரசாங்க ஊழியர்கள் ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். 'வைட்ஹால் ஆய்வு' என்று அதற்குப் பெயர். எல்லோரும் ஆபீஸ் வேலைக்காரர்கள். பட்டினி கிடந்தவர் எவரும் இல்லை. அப்படியிருந்தும், அடிமட்ட ஊழியர்கள் மாரடைப்பால் இறந்தது உச்சியில் இருந்தவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு அதிகம். புகைபிடிப்பது, கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்தும் அந்த வித்தியாசம் முழுவதும் போகவில்லை. பின்னால் நடந்த இன்னொரு ஆய்வில், ஓர் இலாகாவைத் தனியாருக்கு விற்கப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததுமே அங்குள்ளவர்களின் உடல்நிலை சரியத் தொடங்கியது தெரிந்தது. வேலை இன்னும் போகவில்லை. போய்விடுமோ என்ற பயமே உடம்பைத் தின்றது.

துரை பங்களாவிலும் மழை பெய்யும்

மழை பெய்து பால் வெட்டு நின்றால் வருத்தப்படுகிறோம். ஆனால் நெஞ்சு குமுறுவதில்லை. மழை எல்லார் கூரையிலும் பெய்கிறது. துரை பங்களாவிலும் பெய்கிறது. எல்லாருக்கும் சமமாக வந்த கஷ்டத்தை மனிதன் சுமந்துவிடுவான்.

"கம்பெனிக்குக் கஷ்டம், எல்லாரும் பொறுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, மேலே உள்ளவர் பங்கை எடுத்துக்கொண்டார் என்று தெரிய வந்தால்தான் வயிறு எரிகிறது. சீக்ரிஸ்ட் என்னும் ஆராய்ச்சியாளர் இதைத்தான் ஆராய்ந்தார். கொட்டிய உழைப்புக்கும் கிடைத்த பலனுக்கும் பொருத்தமில்லை என்று நாள்தோறும் உணர்பவர்களுக்கு இருதய நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது அவருடைய முடிவு. பலன் என்றால் காசு மட்டுமல்ல; மரியாதையும், வேலை நிலைக்கும் என்ற நம்பிக்கையும் சேர்ந்தது.

ஆகவே உங்கள் மகன் கோபப்பட்டால், "அடுத்தவன் காசைப் பார்த்து ஏண்டா பொறாமை?" என்று அடக்காதீர்கள். அது பொறாமை அல்ல. அநியாயத்தைக் கண்ட உடம்பு அடிக்கும் மணி. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்ளக் கூடாது. என்னவென்று எழுந்து பார்க்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

முதலாவது, மருந்தை நிறுத்தாதீர்கள், பாதியாக்காதீர்கள். கொதிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் பக்கவாதம் வரை போகலாம். இன்சுலினை நிறுத்துவது அதைவிட ஆபத்து. அரசாங்க கிளினிக்கில் நம் நாட்டுக் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். வண்டிக் கூலி பாரமென்றால், அக்கம்பக்கத்தார் நான்கைந்து பேர் ஒரே நாளில் தவணை வாங்கி ஒரே வண்டியில் போய் வாருங்கள். தபாலில் மருந்து அனுப்பும் வசதி சில இடங்களில் உண்டு. மருந்து கொடுக்கும் இடத்தில் வெட்கப்படாமல் கேளுங்கள்.

இரண்டாவது, சம்சு. கவலையை மறக்க ஒரு கிளாஸ் என்பார்கள். தூக்கம் வருவது போலிருக்கும், பாதி ராத்திரியில் விழிப்பு வரும், கொதிப்பு கூடும், இருந்த காசும் போகும்.

மூன்றாவது, வட்டிக்காரன். 'ஆலோங்' கடன் பாம்புக்குப் பயந்து புலி வாயில் விழுவது.

நான்காவது, கம்பெனி மேல் வந்த கோபத்தைப் பெண்டாட்டி பிள்ளை மேல் இறக்குவது. வீட்டில் அடி உதை என்றால் 15999 என்ற எண்ணுக்கு யாரும் கூப்பிடலாம்.

செய்ய வேண்டியவை

ஆஸ்திரியா நாட்டில் மரியென்தால் என்றொரு ஊர். நம் தோட்டம் போலவே ஒரே கம்பெனியை நம்பியிருந்த ஊர். 1930 வாக்கில் அங்கிருந்த நூல் ஆலை மூடப்பட்டது. அவ்வூர் மக்களை ஆராய்ந்தவர்கள் 1933இல் எழுதியது நாம் நினைப்பதற்கு நேர்மாறானது. வேலையில்லாத ஆண்களுக்கு நேரம் மிச்சம் இருந்தது. ஆனாலும் நூல்நிலையத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது; தெருவில் நடக்கும் வேகம்கூடக் குறைந்தது. பெண்களுக்கு வீட்டு வேலை இருந்ததால் அவர்கள் நடை தளரவில்லை.

நமக்கு இதில் பாடம் இருக்கிறது. லீவில் இருக்கும் பிள்ளை வழக்கமான நேரத்துக்கு எழட்டும். குளித்து, சாப்பிட்டு, ஏதாவது ஒரு வேலையைக் கையில் எடுக்கட்டும். தோட்டத்தைக் கொத்தலாம், கூரையைச் சரிபார்க்கலாம், தங்கைக்குப் பாடம் சொல்லித் தரலாம். தினமும் அரைமணி நேரம் வேகமாக நடப்பது நல்ல மருந்து.

பேசவும் வேண்டும். "எங்களுக்கென்ன" என்று அம்மா மறைப்பதும், "சமாளிச்சிடுவேன்" என்று மகன் மறைப்பதும் அன்பினால்தான். ஆனால் இரண்டு பேரும் தனித்தனியே கரைகிறார்கள். வீட்டுக் கணக்கை நடுவில் வைத்து எல்லாரும் சேர்ந்து பாருங்கள். யாராவது "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று சொன்னால் அதை வெறும் பேச்சென்று விட்டுவிடாதீர்கள். சுகாதார அமைச்சின் 15555, பிஃப்ரெண்டர்ஸ் சேவையின் 03-7627 2929 ஆகிய எண்களில் பேச ஆள் உண்டு.

சட்டமும் ஒரு மருந்துதான்

தோழர்களே, இந்த நோய்க்கு மாத்திரை மட்டும் போதாது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தோட்டத் தொழிலாளிக்கென்றே உள்ளது. நாள் கணக்கில் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு நிர்வாகம் மாதம் 24 நாளுக்குக் குறையாமல் வேலை தர வேண்டும். தர முடியாவிட்டால், வேலை செய்யத் தயாராகவும் உடல் நலத்தோடும் நின்றவருக்கு அந்நாட்களுக்கும் சம்பளம் தர வேண்டும்.

டவுனில் உள்ள பிள்ளைக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஆனால் 1980ஆம் ஆண்டு ஆட்குறைப்புச் சலுகை விதிகளைப் பற்றி அவனிடம் சொல்லுங்கள். வேலை கொடுத்தால்தான் சம்பளம் என்றிருப்பவருக்கு, தொடர்ந்தாற்போல் நான்கு வாரத்தில் குறைந்தது 12 வேலை நாள் வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை என்றால், அது வெறும் லீவு அல்ல, ஆட்குறைப்பு. ஓராண்டாவது தொடர்ந்து வேலை செய்தவருக்கு நஷ்டஈடு உண்டு. சேவை இரண்டு ஆண்டுக்குக் குறைவானால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 15 நாள். அதற்கு மேல் 20 நாள்.

கொரோனா காலத்தில் சொக்சோ வழியாக, 4,000 வெள்ளி வரை சம்பளம் வாங்கி, சம்பளமில்லா விடுப்பில் இருந்தவருக்கு மாதம் 600 வெள்ளி வீதம் ஆறு மாதம் வரை அரசாங்கம் கொடுத்தது. அந்த உதவி முடிந்துவிட்டது. அடுத்த கஷ்டகாலம் வரும்போது அப்படி ஒன்று வேண்டுமென்று கேட்கும் குரல் சங்கத்தின் குரலாகத்தான் இருக்க முடியும்.

ஆகவே பிள்ளைக்குச் சொல்லுங்கள்: நீட்டிய தாளில் உடனே கையெழுத்துப் போடாதே. ஒரு பிரதி வாங்கு. எத்தனை நாள் லீவு, சேமநிதியும் சொக்சோவும் என்னாகும், மேலே உள்ளவர்களின் சம்பளமும் போனசும் எவ்வளவு குறைகிறது என்று கேள். யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுதி வை. பிறகு சங்கத்துக்கோ தொழிலாளர் இலாகாவுக்கோ போ. தனியாகப் போகாதே, கூட வேலை செய்பவர்களைச் சேர்த்துக்கொண்டு போ.

இப்படிச் செய்தால் காசு உடனே கைக்கு வந்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் புழுங்கிய கோபம் நாலு பேரோடு சேர்ந்து வெளியே வந்தால் அது நோயாக மாறுவது குறையும். அன்று இரவு கொஞ்சமாவது தூக்கம் வரும்.

கடைசியாக ஒன்று. இதைப் படித்து முடித்ததும் வீட்டில் உள்ள மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். பாதியாக வெட்டிய மாத்திரை இருந்தால், கோபிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "என்னாம்மா ஆச்சு?" என்று கேளுங்கள்.