ஓர் இறுக்கமான புதிருக்கு இரண்டு பலகை

மரத்தில் படத் துண்டுப் புதிர் வெட்டும் கரியமிலவாயு லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். பாராமதியில் பிறந்த குமார் படேல் 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய லேசர் இது. மரம் இந்த அலைநீளத்தை நன்றாக உறிஞ்சும். கதிர் பட்ட கோடு எரிந்து ஆவியாகும். 3 மி.மீ. ப்ளைவுட்டில் அந்தக் கோட்டின் அகலம் சிறு பொறிகளில் ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மி.மீ. அட்டைப் புதிருக்கு இந்த இழப்பு இல்லை: அச்சுக்கத்தி அட்டையைப் பிரிக்கிறது, தின்பதில்லை.

கணக்குக்கு 300 × 200 மி.மீ. பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 25 மி.மீ. பக்கமுள்ள 96 துண்டுகள்; வெட்டு அகலம் 0.2 மி.மீ. உள்வெட்டுகள் நேர்கோடுகளானால் மொத்த நீளம் 4,300 மி.மீ.; துண்டுகளைக் கோக்கும் குமிழ்களால் அது 1.6 மடங்காகிறது எனக் கொண்டால் 6,880 மி.மீ. ஆவியாவது 1,376 சதுர மி.மீ., அதாவது பலகையில் 2.3 விழுக்காடு. சொற்பம்தான். ஆனால் 12 துண்டு வரிசையில் 11 வெட்டுகள் உண்டு. நெருக்கித் தள்ளினால் 2.2 மி.மீ. ஆட்டம் தெரியும்.

பக்கத்தை 12.5 மி.மீ. ஆக்கினால் துண்டுகள் 384, நான்கு மடங்கு. வெட்டு நீளம் 14,560 மி.மீ.; 2.1 மடங்குதான். வரிசையின் ஆட்டமோ 4.6 மி.மீ. சிறு துண்டு கேட்பவர் தளர்வையும் சேர்த்தே வாங்குகிறார்.

தீர்வு, ஒரே படம் ஒட்டிய இரண்டு பலகைகள். சதுரங்கக் கட்டம்போல் துண்டுகளைக் கறுப்பு, வெள்ளை எனப் பிரித்து, முதல் பலகையில் கறுப்பு 48உம் இரண்டாவதில் வெள்ளை 48உம் முழு அளவில் வரும்படி கதிரின் பாதையை 0.1 மி.மீ. வெளியே தள்ள வேண்டும். அந்த 96ஐயும் சேர்த்தால் இடைவெளி பூச்சியம். அது கைக்கு அதிக இறுக்கம், 0.08 மி.மீ. தள்ளினால் 0.04 மி.மீ. இடைவெளி கிடைக்கும். மிஞ்சிய 96 துண்டுகளைச் சேர்த்தாலும் ஒரு புதிர்தான், இடைவெளி 0.36 மி.மீ. இரண்டையும் கூட்டினால் 0.4. சாதாரணமாக வெட்டிய இரு புதிர்களின் கூட்டுத்தொகையும் அதுவே. இழப்பு குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது.

நொடிக்கு 10 மி.மீ. வேகத்தில், 1,000 மி.மீ. வெளிவிளிம்பும் சேர, ஒரு பலகைக்கு 788 நொடி. இரண்டுக்கு 1,576 நொடி, அதாவது 26 நிமிடம் 16 நொடி. பொறி 0.5 கிலோவாட் இழுத்தால் மின்சாரம் 0.11 யூனிட்டிலிருந்து 0.22 யூனிட்டாக உயரும். செலவு மின்சாரத்தில் இல்லை. பலகையிலும் பொறி நேரத்திலும் இருக்கிறது.

கட்டைமரத்தில் இந்தக் கணக்கு நிலைக்காது. பச்சைத் தேக்கு முற்றிலும் உலர்கையில் வளையங்களின் போக்கில் சுமார் 5.8 விழுக்காடு சுருங்கும். ஈரம் 30 விழுக்காட்டிலிருந்து இறங்குவதாகக் கொண்டால், ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் சுருக்கம் 0.19 விழுக்காடு. 25 மி.மீ. துண்டில் 4 விழுக்காடு ஈரம் ஏறினால் 0.19 மி.மீ. உப்பும். வெட்டு அகலம் ஏறத்தாழ முழுவதும் அதிலேயே அடைபடும். இழைகள் குறுக்கும் நெடுக்குமாய் ஒட்டிய ப்ளைவுட்டில் இந்த அசைவு மிகக் குறைவு.

உங்கள் பொறியின் அகலம் 0.2 ஆகவே இருக்கும் என நம்ப வேண்டாம். அதே பலகையில் 100 மி.மீ. பட்டை ஒன்றைக் குறுக்கே 10 முறை வெட்டி, துண்டுகளை நெருக்கி அளந்து பாருங்கள். 98.4 மி.மீ. வந்தால் வெட்டு அகலம் 0.16 மி.மீ.