கைகொண்டரஹள்ளி ஏரி

கைகொண்டரஹள்ளி ஏரி என்பது பெங்களூருவின் தென்கிழக்கில், சர்ஜாப்பூர் சாலையோரம் சுமார் 48 ஏக்கர் பரப்பில் அமைந்துள்ள ஏரியாகும். சீரழிந்து கிடந்த இவ்வேரியும் அதைச் சுற்றிய பசுமை நடைபாதையும் குடியிருப்பாளர்களின் முயற்சியால் உருப்பெற்றவை. இதன் உபரிநீர் இறுதியில் ஒசூர்ப் பகுதியை அடைவதால், தமிழகத்திற்கும் இதனுடன் தொடர்பு உண்டு.

மீட்பு

ஒரு காலத்தில் பாசனத்திற்குப் பயன்பட்ட இவ்வேரி, நகரம் பெருகியபோது கழிவுநீரும் குப்பையும் சேருமிடமாயிற்று. குடியிருப்பாளர்களின் வலியுறுத்தலை ஏற்று, 2009ஆம் ஆண்டளவில் அந்நாளைய பெருநகர பெங்களூரு மாநகராட்சி சீரமைப்பைத் தொடங்கியது. கழிவுநீர் திருப்பிவிடப்பட்டு, ஏரி தூர்வாரப்பட்டது. கரையில் நடைபாதை அமைந்தது. பொதுவளங்களை மக்களே கூடிக் காப்பது பற்றிய ஆய்வுக்காக 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆசுட்ரம், 2012இல் இவ்வேரிக்கு வந்து சென்றார்.

பராமரிப்பு

பாதையை அமைப்பதைவிட அதனைக் காப்பதே கடினம். காவலர், தோட்டப் பணியாளர் ஆகியோருக்கு மாதந்தோறும் ஊதியம் தரவேண்டும். கழிவுநீர் மீண்டும் நுழைகிறதா என்று கண்காணிக்க வேண்டும். இதற்கென உள்ளூர் மக்கள் 'மாப்சாஸ்' என்னும் அறக்கட்டளையை நிறுவி, மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டனர். வேலியிட்ட பூங்காக்கள் பலவற்றில் கால்நடை வளர்ப்போர் வெளியேற்றப்படுவது வழக்கம். இங்கோ அவர்கள் புல் அறுத்துச் செல்ல இடமளிக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

2020 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம், ஏரிப் பராமரிப்புக்காகத் தனியார் நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்யத் தடை விதித்தது. இந்த அச்சம் காரணமற்றதன்று; 2000களில் நகரின் சில ஏரிகள் தனியாருக்குக் குத்தகைக்கு விடப்பட்டுச் சர்ச்சை எழுந்திருந்தது. ஆயினும் இலாப நோக்கற்ற குடிமக்கள் குழுக்களின் ஒப்பந்தங்களும் இதனால் தேங்கின. நன்கொடையாளர் பணம் தர முன்வந்தாலும், ஏரியில் வேலை செய்யும் சட்டப்படியான உரிமை யாருக்கு என்பது கேள்வியாயிற்று.

நீர்வழி

இவ்வேரியின் உபரிநீர் சவுள் ஏரி, பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே தென்பெண்ணையாற்றில் கலந்து, ஒசூர் அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. மழைக்காலங்களில் அவ்வணையிலிருந்து நுரை பொங்க நீர் வெளியேறுவது பலமுறை செய்தியாகியுள்ளது. நகரக் கழிவுநீரே இதன் முதன்மைக் காரணம். சங்கிலியின் மேற்பகுதியில் ஓர் ஏரி தூய்மையானாலும் கீழுள்ள பெரிய ஏரிகளில் கழிவு கலப்பதால், ஒசூர் உழவர்களுக்கு அதன் பயன் முழுமையாகக் கிட்டுவதில்லை.