அக்கா மகள் படிக்கும் ஜப்பான் கதை

வீட்டில் பன்னிரண்டு வயதைத் தாண்டிய பெண்ணோ பிள்ளையோ இருந்தால், முகத்தில் பாதியை அடைத்துக் கொள்ளும் கண்களும் நீலமும் ஊதாவுமாகத் தலைமுடியும் கொண்ட படங்களை நீங்கள் பார்த்தே இருப்பீர்கள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், பென்சில் டப்பாவின் மூடியில், சமயத்தில் சுவரிலேகூட! ஜப்பான்காரர்களின் கார்ட்டூன் படம். 'அனிமே' என்று பெயர். ஷின்சானும் டோரேமானும் தமிழ் பேசிக்கொண்டு நம் கூடத்துக்கு வந்து வெகு நாளாகிறது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழ்க் குரலோடு தியேட்டருக்கே வந்தது.

இந்தப் படங்களில் பல, காமிக்ஸிலிருந்து வருபவை. வேறு பல, புத்தகத்திலிருந்து வருபவை. 'லைட் நாவல்' என்கிறார்கள். நம்மூர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் கிளிப் போட்டுத் தொங்குமே மாத நாவல், அதை நினைத்துக் கொள்ளுங்கள். கைக்கு அடக்கமான அளவு, ரயிலில் நின்றுகொண்டே படிக்கலாம், எளிய நடை. திறந்ததும் நாலைந்து பக்கம் வண்ணப்படம். பிறகு கதைக்கு நடுநடுவே கறுப்பு வெள்ளையில் முழுப் பக்கப் படங்கள். எழுதியவர் பெயரோடு வரைந்தவர் பெயரும் அட்டையில் இருக்கும். ஒரு கதை நன்றாகப் போனால் இருபது, முப்பது புத்தகம் வரை நீளும். அப்புறம் அது அனிமே ஆகும்.

இதில் நமக்குப் புதிதாக என்ன இருக்கிறது? 1950-லிருந்து 1954 வரை கல்கியில் 'பொன்னியின் செல்வன்' வாராவாரம் வந்தபோது, வந்தியத்தேவனுக்கும் நந்தினிக்கும் பூங்குழலிக்கும் முகம் கொடுத்தவர் ஓவியர் மணியம். படித்தவர்கள் மனத்தில் இன்றைக்கும் அந்த முகம்தான். என் அம்மா, அது பின்னால் மறுபடி தொடராக வந்தபோது பக்கம் பக்கமாகக் கிழித்து, விழுப்புரத்தில் பைண்டு செய்து வைத்துக் கொண்டவள். 2022-லும் 2023-லும் சினிமாவாக வந்ததைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் எடுத்திருக்கான். ஆனா இவ என் நந்தினி இல்ல" என்று முடித்து விட்டாள்.

இவ்வளவையும் நான் தெரிந்துகொண்டது ஆசைப்பட்டு அல்ல. 2024 நவம்பர் கடைசி வாரத்தில் திண்டிவனத்திலிருந்து அக்கா போன் செய்தாள். "உடனே கிளம்பி வாடி. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல" என்றாள். ஒன்பதாவது படிக்கும் மகளின் நோட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்ததாம்: செத்துப் போய் வேறு உலகத்தில் பிறந்தால் நன்றாக இருக்கும். பக்கத்திலேயே ஒரு சின்னப் பெண்ணின் படம், அதே பெரிய கண்களோடு.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் ஒரு மணி நேரம். நான் போய்ச் சேர்வதற்குள் அக்கா செல்போனைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டியாயிற்று. பெங்களூரில் இருக்கும் பெரியப்பா மகன் வாங்கித் தந்த இரண்டு மூன்று ஜப்பான் புத்தகங்களையும் (ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவை) தூக்கிப் பரணில் போட்டாயிற்று. பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

அன்று ராத்திரி அடுக்களையில் நானும் அவளுமாகப் பூண்டு உரித்துக் கொண்டிருந்தபோது நேராகவே கேட்டேன். "உன்னை நீயே ஏதாவது செஞ்சுக்கணும்னு தோணுதாம்மா? சாகணும்னு நெனக்கிறியா?" வாசற்படியில் நின்ற அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே புகுத்திவிடுவோமோ என்று தாய்மார்கள் பயப்படுகிறார்கள். மனநல மருத்துவர்கள் சொல்வது நேர் எதிர்: கேட்பதால் எண்ணம் வருவதில்லை, கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்ற ஆறுதல்தான் வருகிறது.

"சாகறதுக்கு இல்ல சித்தி. இந்தக் கதைங்க எல்லாமே அப்படித்தான் ஆரம்பிக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இங்க இருக்கப் பிடிக்கல, அவ்ளோதான்" என்றாள். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

அவள் முதலில் சொன்னது உண்மைதான். ஜப்பான் கதைகளில் இதற்கென்றே தனி வகை உண்டு. 'இசெகாய்' என்றால் வேற்றுலகம். பரீட்சையிலோ ஆபீசிலோ நொந்துபோன ஒரு ஆசாமி, முதல் அத்தியாயத்திலேயே லாரியில் அடிபட்டோ வேறு எப்படியோ செத்துப்போவான். அடுத்த பக்கத்தில் மந்திரவாதியும் டிராகனும் உள்ள உலகத்தில் கண் விழிப்பான். வாரக் கடைசியில் நம் தொடர்கதையில் கதவு தட்டப்படுமே, அந்த மாதிரி எழுதுகிறவர்களுக்கு வாய்த்த ஒரு சௌகரியம் இது. படிக்கிற குழந்தைக்கும் அது தெரிந்தே இருக்கிறது. ஆனால், 'கதைதானே' என்று நாமும் விட்டுவிடக் கூடாது. இரண்டாவதாகச் சொன்னாளே, 'இங்க இருக்கப் பிடிக்கல', அது கதை இல்லை.

மறுநாள், நவம்பர் 30-ந் தேதி, ஃபெஞ்சல் புயல் கரையேறியது. திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. கரண்டு போனது போனதுதான். பஸ் இல்லை, போன் இல்லை, டி.வி. இல்லை. மெழுகுவர்த்தி ஒன்று, அரிக்கேன் ஒன்று. அம்மா, அக்கா, நான், அந்தப் பெண். மாமா மாடியில் தண்ணீர் வழித்துவிட்டுக் கொண்டிருந்தார். எத்தனை நேரம்தான் மழையையே பார்த்துக் கொண்டிருப்பது? "ஏண்டி, அந்தப் புஸ்தகத்துல அப்படி இன்னாதான் இருக்குது? சொல்லு, கேப்போம்" என்று அம்மாதான் ஆரம்பித்தாள். முதலில் முரண்டு பிடித்தவள், பிறகு சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு ராத்திரி சொன்னாள்.

'அசென்டன்ஸ் ஆஃப் எ புக்வோர்ம்' என்று ஆங்கிலத்தில் பெயர். புத்தகப் புழு ஒன்று மேலே ஏறி வந்த கதை என்று வைத்துக் கொள்ளலாம். எழுதியவர் மியா கஸுகி, படம் வரைந்தவர் யூ ஷீனா. 2013-ல் இணையத்தில் தொடராகத் தொடங்கி, 2015-லிருந்து புத்தகமாக வந்து, 33 புத்தகங்களில் முடிந்தது.

கதை இதுதான். நூலகத்தில் வேலைக்குச் சேரப் போகும் ஒரு பெண், பூகம்பத்தில் தன் புத்தக அலமாரியே சரிந்து விழுந்து செத்துப்போகிறாள். கண் விழித்தால், ஐந்து வயது நோஞ்சான் குழந்தை. பெயர் மைன். அப்பா நகர வாசலில் காவல் சிப்பாய். அம்மா சாயம் போடும் வேலைக்குப் போகிறவள். டூலி என்று கெட்டிக்கார அக்கா. நாலு படி ஏறினால் மைனுக்குக் காய்ச்சல் வந்துவிடும். அதைவிடப் பெரிய துக்கம், அந்த வீட்டில் ஒரு புத்தகம் இல்லை. அந்தத் தெருவிலேயே இல்லை. தோலில் கையால் எழுதிய புத்தகம் பணக்காரர்களுக்கு மட்டும்தான். சரி, நாமே செய்துவிடலாம் என்று கிளம்புகிறாள் குழந்தை.

புல்லைப் பின்னிப் பார்க்கிறாள், முடியவில்லை. களிமண் பலகையில் எழுதுகிறாள், சுட்டால் வெடிக்கிறது. மரத்தைச் சீவிச் சீவிப் பட்டையாக்கி எழுதி அடுக்கி வைக்கிறாள். அம்மாவுக்கு அது என்னவென்று தெரியுமா பாவம்? விறகு என்று அடுப்பில் வைத்து விடுகிறாள்!

இந்த இடத்தில் அக்கா 'ஐயோ' என்றாள். பரணில் கிடக்கும் புத்தகங்கள் ஞாபகம் வந்ததோ என்னவோ, நான் கேட்கவில்லை. அம்மாவின் கவலை வேறு. "அந்த ஊர்ல பனமரம் இல்லியா? ஓலையில எழுதிக்கிட்டுப் போறது" என்றாள். திண்டிவனத்தைச் சுற்றிப் பனைக்குப் பஞ்சமா! பெண் சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் முதல் சிரிப்பு.

அரக்கனும் கத்திச் சண்டையும் இல்லாமல் ஒரு மாயாஜாலக் கதை அடுப்படியிலேயே நடப்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பழத்தைப் பிழிந்து எண்ணெய் எடுத்துத் தலைக்குத் தேய்த்து அலசுகிறார்கள். நூலில் பூப் பின்னித் தலையில் செருகுகிறார்கள். அந்த எண்ணெயும் பூவும்தான் வியாபாரியிடம் போய்க் காசாகின்றன. பக்கத்து வீட்டுப் பையன் லுட்ஸைச் சேர்த்துக்கொண்டு மரப்பட்டையை அவித்து, உரித்து, சாம்பல் தண்ணீரில் வேகவைத்து, அடித்துக் கூழாக்கிக் காகிதம் செய்கிறாள். ஜப்பானில் கைக் காகிதம் செய்யும் முறையே அதுதான்.

2019-லிருந்து 2022 வரை இது 36 பகுதிகள் அனிமேயாக வந்தது. முதல் ஏழு புத்தகங்களின் கதை அதில் அடங்குகிறது. "படத்துல அவ மனசுக்குள்ள பேசறது பாதிதான் சித்தி வரும். மூஞ்சியும் புக்குல இருக்கற மாதிரி அவ்ளோ அழகா இல்ல" என்று குறைபட்டாள். ஆயாவும் பேத்தியும் ஒரே கட்சி!

இரண்டாவது ராத்திரி கதையின் நடுவில், அவளாகவே நிறுத்தினாள். மைனுக்கு இருபது வயது அறிவு. சுற்றியிருக்கிற யாருக்கும் அவள் பேசுவது புரியாது. யாரிடமும் சொல்லவும் முடியாது. "என் க்ளாஸ்லயும் அப்படித்தான்" என்றாள். அந்த ஜூனில்தான் பள்ளிக்கூடம் மாற்றியிருந்தார்கள். எட்டாவது வரை தமிழ் மீடியம், இப்போது இங்கிலீஷ் மீடியம். அவள் பேசுகிற இங்கிலீஷைக் கேட்டு நாலு பெண்கள் சிரித்திருக்கிறார்கள். மத்தியானம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மாடிப் படிக்குக் கீழே போய்த் தனியாகச் சாப்பிட்டிருக்கிறாள், ஐந்து மாதமாக! டிபன் பாக்ஸ் காலியாக வருகிறதா என்றுதான் நாம் பார்க்கிறோம். இத்தனைக்கும் அந்தக் கதையைப் புரிந்துகொள்ளவென்றே அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலம் படித்தவள் அவள்.

மழை விட்டதும் அக்காவும் மாமாவும் வகுப்பு டீச்சரைப் போய்ப் பார்த்தார்கள். உட்காரும் பெஞ்சை மாற்றினார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டு சிநேகிதிகள் கிடைத்திருக்கிறார்கள். பரணில் போன புத்தகங்கள் கீழே வந்துவிட்டன. செல்போன் மட்டும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கூடத்தில்தான் படுத்துக்கொள்ளும். அதில் அக்கா பிடிவாதம். நானும் அவள் பக்கம். தூக்கம் கெட்ட குழந்தைக்குச் சின்னக் கஷ்டமும் மலையாகத் தெரியும்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு வரியைக் கண்டால், அன்றைக்கே, தனியாக, கோபப்படாமல் கேளுங்கள். சாப்பாடு, தூக்கம் மாறியிருக்கிறதா, சிநேகிதர்களை ஒதுக்குகிறாளா, பிரியமான சாமான்களை யாருக்காவது எடுத்துக் கொடுக்கிறாளா என்று பாருங்கள். 'ஆமாம்' என்று பதில் வந்தால் குழந்தையைத் தனியே விடாதீர்கள். பூச்சி மருந்து, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் கைக்கு எட்டாமல் பூட்டிவிட்டு உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இருபத்துநாலு மணி நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். நீங்களும் பேசலாம், குழந்தையும் பேசலாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். லைட் நாவல் எல்லாமே மைன் கதை மாதிரி இருக்காது. சின்னப் பெண்களை அரைகுறை உடையில் வரைந்து விற்கிற புத்தகங்களும் நிறைய. வயதுக்கு மீறிய ரத்தக்களறியும் உண்டு. ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை: வாங்கும்போது முன்னால் இருக்கும் அந்த வண்ணப் படங்களைப் புரட்டிப் பாருங்கள். புத்தகம் எப்படிப்பட்டது என்று அதிலேயே தெரிந்துவிடும். அட்டையின் பின்பக்கத்தில் சில பதிப்பகங்கள் வயதும் போட்டிருப்பார்கள்.

கைக்குழந்தை வைத்திருக்கும் சகோதரிகளுக்கும் அந்தக் கதையில் ஒன்று இருக்கிறது. மைனுக்குத் தம்பி பிறக்கிறான். அவனுக்காகக் கறுப்பு வெள்ளையில் ஒரு படப் புத்தகம் செய்கிறாள். இது கதாசிரியரின் கற்பனை மட்டும் இல்லை. பிறந்த குழந்தைக்கு ஒரு சாண் தூரத்துக்கு மேல் மங்கல்தான்; வெளிர் நிறங்கள் பிடிபடாது; கறுப்பும் வெள்ளையும் அடுத்தடுத்து இருந்தால் உற்றுப் பார்க்கும். எங்கள் பெண் எதிர்வீட்டுக் குழந்தைக்கு ஒன்று செய்து கொடுத்தாள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையின் வெள்ளைப் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒன்றில் பெரிய வட்டம், ஒன்றில் பட்டைக் கோடுகள், ஒன்றில் மீன், ஒன்றில் பனைமரம். மை நன்றாகக் காய்ந்தபிறகு மேலே ஒளிபுகும் டேப்பை ஒட்டிவிட்டாள். குழந்தை விழித்திருந்து பசியில்லாமல் இருக்கும் நேரத்தில், மடியில் வைத்துக்கொண்டு, முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஒரு படத்தைப் பிடித்து, மெதுவாக இடமும் வலமுமாக நகர்த்த வேண்டும். இரண்டு மூன்று நிமிஷம் போதும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் நிறுத்திவிட வேண்டும். கயிற்றில் கட்டித் தொட்டிலில் தொங்கவிட வேண்டாம். எதிர்வீட்டுக் குழந்தைக்கு மீனைவிடப் பனைமரம்தான் பிடிக்கிறதாம்.