கூட்டுறவில் பிறக்கும் எரிவாயு

பெங்களூரு நீலசந்திராவுக்கு அருகிலுள்ள கோரமங்கலப் பள்ளத்தாக்கின் கழிவுநீர், பெல்லந்தூர் ஏரியைச் சென்றடைகிறது. 2017 பிப்ரவரியில் அவ்வேரியில் தீப்பற்றி எரிந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எரிந்தவை பெரும்பாலும் களைகளும் குப்பையுமே. எனினும், அடிச்சேற்றில் உண்டாகும் மீத்தேன் வாயுவும் அப்போது பேசப்பட்டது. ஏரியில் தொல்லையாகும் இவ்வாயுவே கலத்தில் அடைபட்டால் அடுப்பெரிக்க உதவுகிறது.

மீத்தேனை எந்தவொரு நுண்ணுயிரும் தனித்து நின்று சோற்றிலிருந்தோ சாணத்திலிருந்தோ ஆக்கிவிடுவதில்லை. காற்றுப்புகாத கலத்தில் முதற்குழு, மாவுப்பொருள், புரதம், கொழுப்பு ஆகியவற்றைக் கரையும் சிறு பொருள்களாக உடைக்கிறது. இரண்டாம் குழு அவற்றை அமிலங்களாக மாற்றுகிறது. மூன்றாம் குழு அவ்வமிலங்களிலிருந்து அசிட்டிக் அமிலமும் ஹைட்ரஜனும் தருகிறது. இறுதியில் ஆர்க்கியா என்னும் தொன்மையான உயிரினம் இவற்றை மீத்தேனாக்குகிறது.

இதில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. ஹைட்ரஜன் மிகுந்தால் மூன்றாம் குழுவின் வேலை நின்றுவிடும். ஆர்க்கியா அதை உடனுக்குடன் உண்பதாலேயே அது வாழ்கிறது. அது தரும் ஹைட்ரஜனால் ஆர்க்கியாவும் வாழ்கிறது. இருவரும் பிரிக்கவியலாத பங்காளிகள். சாராயத்தை மீத்தேனாக்கும் ஒரே உயிர் என நெடுங்காலம் கருதப்பட்ட ஒன்று, உண்மையில் இவ்வாறு இணைந்து வாழும் இரண்டு உயிர்கள் என்று 1967இல் அமெரிக்க அறிஞர் மார்வின் பிரையண்டும் அவர்தம் குழுவினரும் நிறுவினர்.

வீட்டில் எரிவாயுக்கலன் வைத்திருப்போர் இதை மனத்திற்கொள்ளவேண்டும். அமிலம் ஆக்குவோர் விரைவாகப் பெருகுவர். மீத்தேன் ஆக்குவோர் மெதுவாகவே பெருகுவர். விருந்தன்று மிஞ்சிய சோற்றையெல்லாம் ஒரே நாளில் கொட்டினால் அமிலம் தேங்கிக் கலன் புளித்துவிடும், வாயுவும் குறையும். அந்நிலையில் சில நாள் கழிவிடுவதை நிறுத்திவைத்து, பின்னர் சிறிது சிறிதாகத் தொடங்குவதே முறை. தொடக்கத்தில் சாணக்கரைசல் இடுவதும் இவ்வுயிர்களைக் குடியமர்த்தவே.

மனிதர் கூட்டுறவுக்கும் சான்று அருகிலேயே உண்டு. துமகூரு மாவட்டத்துப் புரா சிற்றூரில், இந்திய அறிவியல் கழகத்தின் 'அஸ்த்ரா' அமைப்பு நிறுவிய சமுதாய எரிவாயு நிலையம், 1987 முதல் குடிநீர் இறைக்கவும் விளக்கெரிக்கவும் மின்சாரம் அளித்தது. சாணம் தந்த குடும்பங்களுக்கு அதன் அளவுக்கேற்பப் பணமும், செரித்த கசடு எருவாகவும் திரும்பக் கிடைத்தன. கொடுத்தவருக்கு உரியது திரும்பும்வரையில்தான் கூட்டு நிலைக்கும். கலத்துக்கு உள்ளும் வெளியிலும் விதி அதுவே.