பல பொருள் ஒரு சொல் – 17: ஸ்ப்ரூ

‘கேலி’ புரூஃபின் கதை போன வாரத்தோடு முடிந்தது. கப்பலிலிருந்து அச்சகத்துக்கு அந்தச் சொல் வந்த வழி வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

இந்த வாரச் சொல் ஸ்ப்ரூ. கோயம்புத்தூர் பவுண்டரிகளில் இது, உருக்கிய உலோகம் அச்சுக்குள் இறங்கும் செங்குத்துப் பாதை. பிளாஸ்டிக் பொம்மை விமானங்களைக் கோத்து மகிழ்பவர்களுக்கு, உதிரிபாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் சட்டம். லண்டன் காய்கறிக் கடையில் ஒல்லியான அஸ்பாரகஸ் தண்டு. மருத்துவரிடம் போனால் குடல் நோய். பவுண்டரியில் தொடங்குவதாகத்தான் போன இதழில் அறிவிப்பு. ஆனால் நோயின் கதை இத்தனை பெரிது என்று அப்போது தெரியாது, பவுண்டரி காத்திருக்கட்டும்.

நோய்க்கான பெயர் டச்சு மொழியிலிருந்து வந்தது. ஜாவாவில் குடியேறியிருந்த டச்சுக்காரர்கள் அப்படித்தான் சொன்னார்கள். நாக்கு வெந்துபோகும், சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, நுரைத்த மலமாகப் போய்க்கொண்டே இருக்கும், ஆள் எலும்பும் தோலுமாகிவிடுவார். 1880இல் இந்தப் பெயரை ஆங்கில மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் பாட்ரிக் மான்சன். யானைக்கால் புழு கொசுவுக்குள் வளர்வதைக் கண்ட அதே மான்சன்.

வெப்ப நாடுகளை எட்டியே பார்க்காத ஐரோப்பியக் குழந்தைகளிடமும் ஏறக்குறைய இதே அறிகுறிகள் இருந்தன. 1888இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ அதை விவரித்தார். குணம் கிடைத்தால் உணவால்தான் கிடைக்கும் என்றும் எழுதினார். எந்த உணவு? 1924இல் நியூயார்க்கின் சிட்னி ஹாஸ் வாழைப்பழத்தைக் கொடுத்தார். குழந்தைகள் தேறினார்கள். புகழ் முழுவதும் பல ஆண்டுகளுக்கு வாழைப்பழத்துக்கே போனது. அவர் ரொட்டியை நிறுத்தியிருந்ததை யாரும் பெரிதாக எண்ணவில்லை.

ஹேக் நகரின் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த வில்லெம் டிக்கே எண்ணினார். கோதுமைமேல் அவருக்கு 1930களிலேயே சந்தேகம். 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை மேற்கு நெதர்லாந்துக்கு உணவு போகும் வழிகளை அடைத்தது. மக்கள் துலிப் கிழங்கை அவித்துத் தின்றார்கள். சுமார் 20,000 பேர் பட்டினியாலும் குளிராலும் இறந்தார்கள். ஊரே வற்றிக்கொண்டிருந்த அந்த மாதங்களில், இந்தக் குடல் நோய் கொண்ட குழந்தைகள் மட்டும் தேறிவந்தார்கள். போர் முடியும் தறுவாயில் ரொட்டி திரும்பியது. அவர்கள் மறுபடி படுத்தார்கள்.

இப்படி ஒரு சான்றை எந்த மருத்துவரும் வேண்டிக் கேட்கமாட்டார். கிடைத்ததை டிக்கே வீணாக்கவும் இல்லை. கோதுமையைச் சேர்த்தும் நீக்கியும் குழந்தைகளைக் கவனித்தார். மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளக்க வான் டி காமர் என்ற வேதியியலாளர் முறை வகுத்துக் கொடுத்தார். 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் டிக்கேயின் ஆய்வேடு ஏற்கப்பட்டது. கோதுமையின் மாவுச்சத்தில் குற்றமில்லை, குளூட்டன் என்ற புரதமே காரணம் என்பது அடுத்த சில ஆண்டுகளில் உறுதியானது. இன்று பாக்கெட்டுகளில் ‘குளூட்டன் இல்லை’ என்று அச்சாவதற்குப் பின்னால் அந்தப் பட்டினிக் குளிர்காலம் இருக்கிறது. டிக்கேயின் பெயர் பாடப்புத்தகம் தாண்டியும் தெரிந்திருக்க வேண்டியது.

அப்படியானால் மான்சன் சொன்ன ஸ்ப்ரூவுக்கும் கோதுமைதான் காரணமா? இல்லை. அது வெப்ப நாடுகளுக்குப் போன வெள்ளையர்களின் நோய் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1960களின் தொடக்கத்தில் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில், சோறு உண்ணும் கிராமங்களில் அது கொள்ளைநோயாகப் பரவியது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் அதை ஊர் ஊராகத் தேடிப் போய் ஆராய்ந்தார்கள். அந்தக் கதைக்கு இந்த இதழில் பக்கமில்லை. அடுத்த வாரம் முதலில் வட ஆற்காடு, பிறகுதான் பவுண்டரி.